ஜும்ஆ நேரத்துச் சாவி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கடைக்கு முன்னால் அடுக்கி வைத்த வாளிகள் இரண்டு முறை உருண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போய்விட்டன. ஒன்று தம்புள்ளை பஸ்ஸின் சில்லுக்குள். முடிந்தது.

வாங்க வேண்டியவை: நைலோன் கயிறு. சின்ன பேசின் (மஞ்சள் ஒன்றுகூட இல்லை). பொலிதீன் ரோல். டெட்டோல் 1 – கடைக்கு இல்லை, டொய்லட்டுக்கு.

டொய்லட் பார்ப்பதே எனக்கு ஓர் உத்தியோகமாகிவிட்டது. ஸ்டாண்ட் மூலையில் வியாபாரிகள் சங்கம் கட்டியது. வீல்செயார் ஏறுகிற மாதிரிச் சரிவு, அகலக் கதவு, சுவரில் பிடி, குழந்தையைக் கிடத்தித் துடைக்க ஒரு பலகை. ‘நடக்க இயலாதவர்களுக்கும் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும்’ என்று மூன்று பாஷையிலும் போர்டு. திறந்த முதல் மாதம் த்ரீவீல்காரர்கள் அதில் குளித்தார்கள். லொத்தர்ச் சீட்டு விற்கிறவன் தன் பலகையை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். பைப்பைக் கழற்றிக்கொண்டு போனது யார் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் ஆமைப்பூட்டு. "நேர் முன்னுக்கு ஒங்கட கடதானே நானா, சாவிய நீங்களே வெச்சிக்கோங்க" என்றார் சங்கத் தலைவர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏற்பாடு இரண்டும் என்னுடையவை. சாவியைச் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றின் காதில் கட்டியிருக்கிறேன். மறந்து பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போக முடியாது. அடுத்தது கொப்பி. பெயர், ஊர், போன், காரணம். எழுதி ஒப்பம் வைத்தால்தான் கோப்பை கையில் கிடைக்கும். அன்றிலிருந்து பைப் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது. யாராவது நன்றி சொன்னார்களா என்றால் இல்லை.

இன்று வந்தவர்கள்:
பல்லேபொலக்காரர், ஒரு கால் பொய்க்கால். காரணம்: ‘கால்’.
இளம் தகப்பன், கையில் ஆறு மாதக் குழந்தை. காரணம் எழுத வெட்கப்பட்டு நின்றான். குழந்தை காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது, கடை முழுக்க நாற்றம்.
ஏழு மாதக் கர்ப்பிணி. போர்டில் பிள்ளைகளோடு வருபவர்கள் என்றுதான் இருக்கிறது, வயிற்றில் இருப்பது கணக்கா என்று கேட்டேன். அந்தப் பெண் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். இன்னும் மனதில் அரித்துக்கொண்டிருக்கிறது. மேல்தோட்டத்துப் பிள்ளை தர்ஷினி, பதினேழு வயது, பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே பலமில்லை. வெள்ளி தோறும் தாய் ராஜேஸ்வரி வீல்செயாரோடு பஸ்ஸில் கூட்டி வருவாள். ஒரு மணிக்குக் கம்பியூட்டர் வகுப்பு. வகுப்பில் உள்ள டொய்லட் நாலு படி இறங்கி, கதவும் ஒடுக்கம். அதனால் இங்கே வந்து போய்விட்டுத்தான் வகுப்பு. மூன்று மாதமாக ஒழுங்காக எழுதி வந்தார்கள். போன வெள்ளி தாய் கையிலிருந்து பேனையை வாங்கி அந்தப் பிள்ளையே எழுதியது. காரணம் என்ற இடத்தில்: ‘நீங்கள் போகிற அதே காரணம்.’

கடையில் நாலு பேர். ஒருவர் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை சுனிலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவனுக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவனும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஊருக்கு உதவி செய்யப் போனவனுக்கு இது.

ஜூலை 11, வெள்ளி

நேற்றுப் போயா, பௌர்ணமி லீவு. இன்று ஊரே டவுனில். பஸ்கள் ஒன்றும் நேரத்துக்கு இல்லை.

வழமை போல 12.10க்குக் கடையைப் பூட்டி ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். 1.10க்குத் திரும்பினேன். டொய்லட் சரிவின் அடியில் தர்ஷினியும் தாயும். பஸ் பிந்தி வந்ததாம். நான் பள்ளிவாசலில் இருந்தேன், கோப்பையிலிருந்து அவிழ்த்த சாவி என் ஜுப்பா பொக்கெட்டில் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

ராஜேஸ்வரி குடிக்கிற போத்தலிலிருந்து தரையில் தண்ணீர் ஊற்றிக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். எதுவோ சிந்திவிட்டது என்று நினைத்து, "வாங்க வாங்க, இந்தா தொறக்கிறேன்" என்றேன். அவள் நிமிரவில்லை.

"இனி வேணாம் நானா."

அப்போதுதான் பார்த்தேன். தாயின் துப்பட்டா பிள்ளையின் மடியில் விரித்திருந்தது. செயாரின் சீட்டிலிருந்து இன்னும் சொட்டியது. பிள்ளை கைகள் இரண்டையும் துப்பட்டாவின் மேல் வைத்து, பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஸ்டாண்ட் நிறைய ஆட்கள். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரித் திரும்பினார்கள், திரும்பிய பிறகும் பார்த்தார்கள்.

வகுப்புக்குப் போகவில்லை. த்ரீவீல் ஒன்றை நிற்பாட்டினாள். டிரைவர் சீட்டைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், என்னிடம் வந்தான்.

"மொதலாளி, பொலிதீன் துண்டொன்னு குடுங்க."

ரோலிலிருந்து ஒரு மீற்றர் வெட்டிக் கொடுத்தேன். அவன் அதை எல்லோருக்கும் முன்னால் சீட்டில் விரித்து, ஓரங்களை நன்றாகச் செருகினான். பிறகுதான் பிள்ளையைத் தூக்கி வைத்தார்கள். பொலிதீன் சத்தம் கடைக்குள் கேட்டது.

பின்னேரம் வியாபாரம் நல்லது. வாளி 6, பேசின் 4, செருப்பு.

ஜூலை 12, சனி

தூறல். முதுகு வலி.

இரவு சாப்பிடவில்லை என்று மனைவி பரீதா காலையிலேயே பிடித்துக்கொண்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே கோழிக்குப் போட வைத்திருந்த சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

"நீங்க பள்ளிக்குப் போனது சரி. சாவி எனத்துக்குப் பள்ளிக்குப் போன?"

"வேற யார்கிட்ட குடுக்கிற? சுனில்கிட்ட குடுத்தா ஊர்ல உள்ளவனெல்லாம் போவான்."

"போனா என்ன? கக்கூஸ்தானே."

எனக்குக் கோபம் வந்தது. நாறிப்போயிருந்த இடத்தை நான்தான் ஒழுங்காக்கினேன் என்றேன். ஆமைப்பூட்டு, கொப்பி, டெட்டோல் எல்லாம் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் நான் ஒங்கட கடைக்கு வந்த நேரம் பாத்தேன். ஒரு உம்மா, கிழவி மாதிரி, அந்தச் செவப்புக் கோப்பயத் தூக்கிக்கிட்டு ஸ்டாண்டுக் குறுக்கால போறாங்க. எல்லாரும் பாக்குறாங்க எங்க போறாங்கன்னு. நான்னா வீட்ட போய்ச் சேரும் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அன்னைக்கே செல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன்.

கடையில் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். காரணம், காரணம், காரணம். ‘பிள்ளைக்கு வயிற்றோட்டம்.’ ‘ஒப்பரேசன் செய்தது, பை போட்டிருக்கு.’ ‘வயசு.’ ‘சொல்ல ஏலாது.’ இதையெல்லாம் நான் எதற்குக் கேட்டேன்? கேட்டு என்ன செய்தேன்?

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை. காற்று மறுபடியும்.

வெள்ளிக்கிழமை எழுதியதை இன்று வாசித்தேன். பொய்.

இந்த டயரி அலுமாரியில் என் சாரங்களுக்கு அடியில் கிடப்பது. பரீதாவும் தொட மாட்டாள். யாரும் வாசிக்காத இடத்தில் யாருக்குப் பொய் எழுதினேன்?

நடந்தது இது. 12.10. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன். மேல்தோட்டத்து பஸ் உள்ளே திரும்பியது. கொண்டக்டர் பின் கதவால் வீல்செயாரை இறக்கினான். தாய் பிள்ளையை முதுகில் சுமந்து இறங்கினாள். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஷட்டரை முழுதாக இழுத்துப் பூட்டுப் போட்டேன்.

நேரம் இருந்தது. பாங்கு சொல்லி முடியவில்லை. பள்ளி ஐந்து நிமிட நடை. கதவைத் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருக்க இரண்டு நிமிடம் போதும். பிறகு வந்து பூட்டியிருக்கலாம். பூட்டாமலேயே விட்டிருக்கலாம்.

நான் நினைத்தது, வார்த்தைக்கு வார்த்தை: கொஞ்சம் காத்திருக்கட்டும். காரணம் கேட்டால் நையாண்டி எழுதுகிற பிள்ளை, இன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

இவ்வளவுதான். ஐம்பத்தொன்பது வயதில், தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு, பள்ளிக்குப் போகிற வழியில், ஒரு பிள்ளைமேல் கறுவிக்கொண்டு. முதல் வரிசை சஃபில் உட்கார்ந்தேன் வேறு.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கொப்பியை எடுத்துவிட்டேன். யார் கேட்டாலும் கோப்பையைக் கொடுக்கிறேன். இன்று மூன்று பேர். ஒருவர் பழக்கத்தில் பேனையைத் தேடினார்.

ஜூலை 18, வெள்ளி

கறிவேப்பிலை, மல்லி, இஞ்சி – பரீதா சொன்னது, மறந்தேன்.

காலையிலேயே சாவியைச் சுனிலிடம் கொடுத்தேன். கோப்பையிலிருந்து அவிழ்த்து, சாவியை மட்டும்.

"நான் பள்ளிக்குப் போற நேரம் யார் கேட்டாலும் குடு. கேள்வி கேக்காத. அந்த வீல்செயார் பிள்ள வந்தா நீயே போய்த் தொறந்து குடு."

"ஹரி மொதலாளி, சரி." பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு அந்த அம்மா என்கிட்டயும் வந்து கேட்டது. என் கட டொய்லட் மேல் மாடி. தூக்கிக்கிட்டு ஏறவான்னு நான் கேட்டேன். மகள் வேணாம் சொல்லிருச்சு. இருங்கம்மா, இப்ப தொறப்பாங்கன்னு சொல்லிருச்சு."

எதற்கு அப்படிச் சொன்னது என்று அவனுக்கும் தெரியவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

11.55க்கு பஸ். ஆட்கள் இறங்குகிற இடத்திலேயே நின்றேன். மரக்கறி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு புதுமாப்பிள்ளை. வீல்செயார் இல்லை. கொண்டக்டரிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ள போன கெழமைக்குப் பொறகு வரல்லயே. நாங்களும் தோட்டத்து ரோட்டோரக் கடையில பாத்தோம், செயார் மட்டும் அங்க நிக்கிது."

அதற்குப் பிறகும் மூன்று பஸ் பார்த்தேன். குத்பாப் பிரசங்கத்துக்குப் பிந்தித்தான் போனேன், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இடம். இன்று என்ன பயான் என்று பரீதா கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு தோட்டத்துக்குப் போவது என்று முடிவு. பரீதாவும் வருகிறாளாம். "நீங்க தனியப் போனா எதையாவது ஒளறிக்கிட்டு வருவீங்க" என்றாள். சாவி ஒன்று மேலதிகமாக வெட்டிக்கொண்டேன், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க.

ஜூலை 20, ஞாயிறு

இரவு பத்து மணி. கால் வலி. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கொண்டுபோனவை: பிஸ்கட், வாழைப்பழம், பரீதா செய்த தொதல். பஸ் இறங்கிய இடத்தில் கடை. கடை ஓரத்தில் மழைத்தாள் போர்த்தி அந்த வீல்செயார். அங்கிருந்து தோட்டத்து லய வீடுகளுக்குக் கல் படிகள். நான் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பரீதா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் சொன்னாள், "இதால அந்தப் புள்ளயச் சொமந்துக்கிட்டு எறங்குறாங்க. ஒவ்வொரு கெழமையும்."

ராஜேஸ்வரி எங்களைக் கண்டு பயந்துவிட்டாள். ஏதோ முறைப்பாடு என்று நினைத்திருக்கிறாள். கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ தந்தாள். புருஷன் கொழும்பில் கட்டட வேலையாம், மாதத்துக்கொரு தடவை வருவானாம். தர்ஷினி உள் கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வகுப்புக் கொப்பி, அட்டை போட்டது.

வகுப்பைப் பற்றிக் கேட்டாள் பரீதா. ராஜேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வாரம் போகல்ல. மூணு வாரம் தொடந்து போகாட்டி பேர வெட்டிருவாங்க. அடுத்த வெள்ளியோட சரி. முடிச்சாதான் சேர்ட்டிபிகட், அத வச்சுதான் ஒரு ஆபீஸ்ல எடுக்குறதா சார் சொல்லியிருக்காரு. இவ அசைய மாட்டேங்குறா. நான் என்ன செய்ய? தூக்கிட்டுப் போகலாம், மனச எப்படித் தூக்குறது?"

வழியெல்லாம் நான் மனதில் அடுக்கிக்கொண்டு போனது வேறு. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் வாயில் வந்தது இது:

"பஸ் பிந்தும்னு எனக்குத் தெரியாது மகள். நீங்க வந்தத நான் காணல்ல. கண்டிருந்தா தொறந்து தந்திட்டுத்தான் போயிருப்பேன்."

பரீதா என் பக்கம் திரும்பினாள். அவளிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், குரல் தெரியும்.

தர்ஷினி கோபப்படவில்லை. மறந்துபோன ஒன்றை எடுத்துக் கொடுப்பது போலத்தான் சொன்னது.

"இல்ல அங்கிள், பாத்தீங்க. நான் கையத் தூக்கிக் காட்டினேன். நீங்களும் கையக் காட்டினீங்க."

நான் கையைக் காட்டினேனாம்.

"நான்தான் அம்மாகிட்ட சொன்னேன், அங்கிள் பாத்திட்டாரு, இப்ப வந்துருவாருன்னு. அம்மா ஆஸ்பத்திரி டொய்லட்டுக்குத் தள்ளிட்டுப் போயிருவோம்னாங்க, பத்து நிமிஷம்தானே. சுனில் மாமாவும் தூக்குறேன்னாரு. நான்தான் வேணாம், கை காட்டினாரு, வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

வெளியே யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். ராஜேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினாள், நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

கை காட்டியிருப்பேன். பஸாரில் போகும்போது எவன் கை தூக்கினாலும் என் கையும் தூக்கும். கடைக்காரன் கை. அதில் அர்த்தம் ஒன்றும் இருப்பதில்லை. அந்தப் பிள்ளை அதை நம்பி ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"மன்னிச்சிக்கோங்க மகள்" என்றேன்.

"பரவாயில்ல அங்கிள். பள்ளிக்கு அவசரம்னு அம்மா சொன்னாங்க. நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றுதான் செய்தேன் மகள், நீங்கள் எழுதியதற்குக் கோபம் என்று. வாயைத் திறந்தால் போதும். பிள்ளை தானாகவே எனக்கு நல்ல பெயர் ஒன்றைத் தந்தது, நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாவியை நீட்டினேன். பார்த்தது, தொடவில்லை.

"சாவிய வச்சிட்டு நான் என்ன செய்ய? நான் வகுப்புக்குப் போகல்ல."

படி இறங்கும்போது பரீதா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தனியாக, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"கண்டீங்களா?"

"கண்டேன்."



ஜூலை 22, செவ்வாய்

வெயில். கடையை மத்தியானம் மூடிவிட்டு இரண்டு வேலை.

ஒன்று: தச்சு பாஸ் ஒருவரைக் கூட்டி வந்து ஆமைப்பூட்டையும் கொண்டியையும் கழற்றினேன். உள்ளே தாழ்ப்பாள் மட்டும், செயாரில் இருந்தபடி எட்டுகிற உயரத்தில். நானே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உயரம் பார்த்தேன். ஒரு முழம் கீழே இறக்கச் சொன்னேன். அதுவரை இருந்தது நின்றால் மட்டும் எட்டும். நடக்க இயலாதவர்களுக்கு என்று கட்டி, தாழ்ப்பாளை நிற்கிறவன் கைக்கு வைத்திருக்கிறோம். இத்தனை மாதம் கழுவியும் என் கண்ணில் படவில்லை.

சங்கத் தலைவர் வந்து நின்றார்.

"நானா, எனத்த செய்றீங்க? பைப் போகும், கண்ணாடி போகும்."

"போகட்டும்."

"த்ரீவீல்காரன் குளிப்பான்."

"குளிச்சா நான் கழுவுறேன். இதுவரைக்கும் யார் கழுவினது?"

முணுமுணுத்துக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் பேசுவாராம். பேசட்டும்.

இரண்டு: கம்பியூட்டர் வகுப்பு. சார் நல்ல மனிதர், இளம் ஆள். பெயரை இன்னும் வெட்டவில்லை, வெள்ளி வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு வெயிட்டிங் லிஸ்டில் உள்ள பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றார். "நல்லாச் செய்ற பிள்ள. டைப்பிங்ல இவதான் முதல். ஏன் நின்னான்னு தெரியல்ல." நான் காரணம் சொல்லவில்லை. அது என்னுடைய வாயால் சொல்லுகிற விஷயம் இல்லை. அந்தப் பிள்ளையின் மானம்.

ராஜேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். பூட்டு இல்லை, கொப்பி இல்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்றேன். சார் சொன்னதையும் சொன்னேன்.

"கேட்டுப் பாக்கிறேன் நானா. அவ முடிவுதான்."

ஜூலை 24, வியாழன்

டொய்லட்டில் சவர்க்காரம் காணாமல் போயிருந்தது. புதிது வைத்தேன். பின்னேரம் அதுவும் இல்லை. இன்னொன்று வைத்தேன்.

பரீதா இன்று என்னோடு சரியாகப் பேசினாள். "நாளைக்கு அந்தப் புள்ள வந்தா, உள்ளதச் செல்லிருங்க. மன்னிக்கிறதும் விடுறதும் அதுட பாடு. பொய்க்கு மன்னிப்பு வாங்கி வெச்சிருக்கீங்க, அது ஒங்கடது இல்ல."

சரி என்றேன். சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்: அன்னைக்கு நான் வேணும்னுதான் போனேன் மகள். ஒங்கமேல கோவம். பிழ என்னுடையது.

சத்தமாக வாசித்தேன். பத்து வினாடிகூட இல்லை.

ஜூலை 25, வெள்ளி

காற்று அடியோடு நின்றுவிட்டது. நல்ல வெயில்.

ஏழு மணிக்கே டொய்லட் கழுவினேன். தரையைத் துணியால் துடைத்துக் காய வைத்தேன், சில்லு வழுக்கக் கூடாது. வாளியில் தண்ணீர், சவர்க்காரம், கடையிலிருந்து புதுத் துவாய் ஒன்று. கதவைப் பாதி திறந்தபடி விட்டேன், திறந்திருப்பது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.

11.40லிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். சுனில் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

11.55. பஸ். எல்லோரும் இறங்கி முடிந்து, பின் கதவால் வீல்செயார் வந்தது. பிறகு ராஜேஸ்வரி, முதுகில் தர்ஷினி. வந்துவிட்டது பிள்ளை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

பிள்ளை புதுச் சட்டை, மடியில் பை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். தாய் தள்ளிக்கொண்டு வந்தாள். கடையைத் தாண்டினார்கள். டொய்லட் சரிவுக்கு நேரே வந்தார்கள். செயார் நிற்கவில்லை, மெதுவாகவும் இல்லை. நான் பின்னால் ஓடினேன்.

"மகள், தொறந்துதான் இருக்கு. பூட்டு இல்ல. யாருட்டயும் கேக்க வேணாம்."

"தெரியும் அங்கிள், அம்மா சொன்னாங்க." சிரித்தது, மரியாதைக்கு. "எனக்குத் தேவப்படல்ல."

தானே கையால் சில்லைத் தள்ளி முன்னால் போய்விட்டது. எழுதி வைத்து வாசித்துப் பார்த்த மூன்று வாக்கியமும் வாயிலேயே நின்றன. ராஜேஸ்வரி மட்டும் ஒரு அடி பின்தங்கினாள். என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல நானா. இனிமே வியாழக்கெழமன்னா அப்படித்தானாம். சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குறா."

வகுப்பு முடிவது நாலு மணிக்கு. அவர்கள் பஸ் நாலரைக்கு. தோட்டத்துக்குப் போய்ச் சேர ஆறாகும்.